களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: ஒரே குடும்பத்தின் மூன்று ஆசிரியைகள், மூன்று மருத்துவக் காப்பீடுகள்

2023 ஆகஸ்ட் மாதம், விடியற்காலை நான்கரை மணி. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லைக்கு மிக அருகே ஒரு வீடு. ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு நெஞ்சு வலிக்கிறது, சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கிறது. அவருடைய மனைவி அரசு உயர்நிலைப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியை. வாடகைக் கார் வந்து நின்றதும் ஓட்டுநர் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், நாகர்கோவிலா, திருவனந்தபுரமா?"

எல்லை ஊரான களியக்காவிளையிலிருந்து இரண்டுமே முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அந்த நேரத்தில் யாரும் காப்பீட்டு அட்டையை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். ஆசிரியையின் மாமனாருக்கு முன்பு வைத்தியம் பார்த்த இடம் மேற்கே இருந்தது. "மேற்கே போ" என்றார் ஆசிரியை. அந்த ஒரு சொல்லின் விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய் என்று எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். பணியில் இருந்தபோதே சக ஆசிரியர்களின் மருத்துவச் செலவுக் கோப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது; ஓய்வுக்குப் பிறகும் அது விடவில்லை. இந்தக் குடும்பத்தின் கோப்பும் அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். மருத்துவமனையின் பெயரும் இங்கே தேவையில்லை. அது செய்த சிகிச்சையில் குறை எதுவும் இல்லை.

கோப்பை எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்த வீட்டில் சம்பளம் வாங்கும் ஆசிரியைகள் மூன்று பேர் என்பது எனக்கு உறைத்தது. நோயாளியின் மனைவி தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில். நோயாளியின் தங்கை எல்லைக்கு அப்பால் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டு அங்கே அரசு உதவி பெறும் பள்ளியில். மகள், வயது இருபத்து நான்கு, இங்கேயே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில். மூவரும் கரும்பலகை முன் நிற்கிறார்கள், மூவரின் சம்பளத்திலிருந்தும் மாதம் தவறாமல் மருத்துவத்துக்கென்று பணம் பிடிக்கப்படுகிறது. ஆனால் அந்த மூன்று பிடித்தங்களும் வாங்கித் தருவது ஒரே பொருளை அல்ல.

பணம் கட்டும் சன்னலில்

மருத்துவமனையில் உடனே ஆஞ்சியோ எடுத்தார்கள். இரண்டு இடங்களில் அடைப்பு, அதை விரித்து வைக்க இரண்டு ஸ்டென்ட். காலை ஒன்பது மணிக்குள் ஆள் பிழைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சன்னலில் அட்டையை நீட்டினார் ஆசிரியை. தமிழ்நாடு அரசு ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தின் மருத்துவமனைப் பட்டியலில் தாங்கள் இல்லை, அட்டை செல்லாது என்றார்கள். முன்பணம் கேட்டார்கள்.

பத்து மணிக்குத் தங்கை வந்து சேர்ந்தார். கேரள அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான மெடிசெப் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் அதே மருத்துவமனை இருந்தது. அவருடைய அட்டை அங்கே செல்லும். ஆனால் அந்த அட்டையில் கணவர் உண்டு, பிள்ளைகள் உண்டு, தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோரைச் சேர்க்கவும் இடமுண்டு, அண்ணனுக்கு இடமில்லை. "என் கார்டு இங்கே ஓடும், மைனி. ஆனால் அண்ணன் அதில் இல்லையே" என்று அவர் சொன்னதை ஆசிரியை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். செல்லும் அட்டையில் நோயாளி இல்லை. நோயாளி இருக்கும் அட்டை செல்லவில்லை.

மொத்த பில் 2,74,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டினார்கள்.

முந்நூறும் ஐந்நூறும்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2008இல் தொடங்கியது. அப்போது மாதப் பிடித்தம் 25 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 2 லட்சம். 2012இல் பிடித்தம் 75 ஆகவும் தொகை 4 லட்சமாகவும் உயர்ந்தன. 2016இல் பிடித்தம் 180. 2021 ஜூலை 1 முதல் பிடித்தம் 300, தொகை 5 லட்சம். புற்றுநோய், உறுப்பு மாற்று போன்ற குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு 10 லட்சம். பதின்மூன்று ஆண்டுகளில் பிடித்தம் பன்னிரண்டு மடங்கு ஆகியிருக்கிறது, பொதுவான தொகை இரண்டரை மடங்கு. நான்கு ஆண்டுகளுக்கு ஒரே தொகை என்ற ஏற்பாடு மட்டும் மாறவேயில்லை.

ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் 5 லட்சம் என்ற எண்ணைத்தான் எல்லோரும் பேசுவோம். அதற்குப் பின்னால் வரும் 'நான்கு ஆண்டுகளுக்கு' என்ற சொற்களை விழுங்கிவிடுவோம். ஆண்டுக்கு என்று வகுத்தால் 1,25,000 ரூபாய்தான் வரும். இந்த ஆசிரியை 2021 கடைசியில் பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்கு 62,000 ரூபாய் பயன்படுத்தியிருந்தார். அந்தத் தொகை 2023இல் கணவரின் இதயத்துக்கான கணக்கிலிருந்தும் கழிந்துதான் நின்றது.

தொகை தொடர்பாக ஒரு ஒப்பீடு, பலரை எரிச்சலூட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பிடித்தம் எதுவும் கிடையாது. 2021 திட்டத்தில் மாதம் முந்நூறு கட்டிய ஆசிரியருக்கு அதே 5 லட்சம் நான்கு ஆண்டுக்கு. ஏழைக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல சம்பளம் வாங்கும் ஆசிரியரைப் பார்த்துப் பரிதாபப்படச் சொல்லவும் இல்லை. ஒரே அரசு, ஒரே எண்ணை இரண்டு கால அளவுகளில் சொல்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் மெடிசெப் 2022 ஜூலை 1 அன்று தொடங்கியது. மாதம் 500 ரூபாய். ஆண்டுக்கு 6,000 பிடித்தார்கள். அதில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 4,800 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும். பதிலுக்கு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 3 லட்சம். அதில் பாதி அந்தந்த ஆண்டோடு காலாவதியானது. மறு பாதி செலவாகாவிட்டால் மூன்றாண்டுக் காலத்துக்குள் அடுத்த ஆண்டுக்குச் சேர்ந்தது. உறுப்பு மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்குத் தனி நிதி. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் முதல் நாளிலிருந்தே உள்ளே.

மெடிசெப்பும் குறையில்லாதது அல்ல. தங்கை சொன்னபடி பார்த்தால் அங்கேயும் எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, அதிலும் எந்தத் துறைக்கு இருக்கிறது என்று கேட்டு அலைவது உண்டு. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் செய்த செலவு அப்போது திரும்பக் கிடைத்தது மாரடைப்பு, பக்கவாதம், சாலை விபத்து ஆகிய மூன்று அவசரங்களுக்குத்தான். ஆனால் அந்த மூன்றும் எழுதி வைக்கப்பட்டிருந்தன. விடியற்காலை காரில் ஏறும் ஒருவருக்கு அது பெரிய நிம்மதி.

மாமியாருக்கு அட்டை எது

இந்தக் கோப்பில் சேராத, ஆனால் இதே வீட்டில் நடந்த இன்னொன்று. நோயாளியின் தாயார் மகனோடுதான் இருக்கிறார். வயது எழுபத்தெட்டு. தமிழ்நாட்டுத் திட்டத்தில் குடும்பம் என்றால் ஊழியர், கணவர் அல்லது மனைவி, இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வேலையோ திருமணமோ ஆகாத பிள்ளைகள். பெற்றோருக்கு இடம் உண்டு, ஊழியருக்குத் திருமணம் ஆகும் வரை. தாலி ஏறிய நாளில் ஆசிரியையின் பெற்றோர் அவருடைய அட்டையிலிருந்து இறங்கிவிட்டார்கள். மாமியாருக்கோ எந்தக் காலத்திலும் இடம் இருந்ததில்லை.

கேரளத்தில் தங்கையின் அட்டையில் சார்ந்திருக்கும் தாய்க்கு இடம் உண்டு. ஆகவே 'அம்மா யாரைச் சார்ந்திருக்கிறார்' என்ற கேள்வி அந்த வீட்டில் எழுந்தது. சோறு போடுவது மகன், மருந்து வாங்குவது மருமகள், மாதம் இரண்டு முறை வந்து போவது மகள். படிவத்தில் எழுதவேண்டிய பதில் வேறு, வீட்டில் நடப்பது வேறு. கிழவியே ஒரு முடிவு சொன்னார்: "என்னை யார் பெயரில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கிடப்பது இங்கேதான்." படிவம் நிரப்பப்படாமலே கிடக்கிறது. பொய் எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அது நல்ல யோசனையா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

மகளின் கதை சுருக்கமானது. இருபத்தைந்து ஆகவில்லை, திருமணம் ஆகவில்லை, ஆனால் வேலைக்குப் போய்விட்டாள்; அதனால் அம்மாவின் அட்டையிலிருந்து விழுந்தாள். மாதச் சம்பளம் 14,000. அவளுக்கு ஈஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு. சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய், அவள் பங்கு, 3.25 சதவீதம், 455 ரூபாய், பள்ளி நிர்வாகத்தின் பங்கு. மூவரில் குறைந்த சம்பளம் வாங்கும் இவளுடைய சிகிச்சைக்குத்தான் தொகை வரம்பு கிடையாது. ஈஎஸ்ஐ மருந்தகத்தில் ஆரம்பித்துப் பரிந்துரைக் கடிதங்களோடு படிப்படியாக ஏற வேண்டும் என்பது வேறு விஷயம்.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இது சும்மா வந்துவிடவில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் கல்வி நிறுவனங்களை ஈஎஸ்ஐ சட்டத்துக்குள் கொண்டுவந்தது. நிர்வாகங்கள் வழக்குத் தொடுத்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020இல் அரசின் முடிவு செல்லும் என்றது. இடைப்பட்ட பத்தாண்டில் நோய்வாய்ப்பட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால், அந்த அரையாண்டுப் பங்களிப்புக் காலத்தோடு பிடித்தம் நின்று, பிறகு ஈஎஸ்ஐயும் முடிந்துவிடும். இருபத்திரண்டாயிரம் வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியைக்கு ஈஎஸ்ஐ இல்லை, அரசு அட்டை இல்லை, முதலமைச்சர் திட்டத்தின் வருமான வரம்புக்குள்ளும் வரமாட்டார். மகளுக்குச் சம்பளம் உயரட்டும் என்று வேண்டிக்கொள்ளும் தாய் இதையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

கோப்பு நடந்த வழி

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரச் சிகிச்சை பெற்றால், செலவைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு அவற்றைப் பரிசீலிக்கும். பள்ளியின் பணம் பெற்று வழங்கும் அலுவலர் வழியாக விண்ணப்பம் போக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், மருத்துவரின் அவசரச் சான்று, சம்பளத்தில் பிடித்தம் நடந்ததற்கான ஆதாரம், அட்டை நகல். இவற்றில் மற்ற எல்லாம் இருந்தன. அவசரச் சான்று மட்டும் இல்லை. மருத்துவமனை தந்த சம்மரியில் 'நெஞ்சு வலியுடன் அனுமதிக்கப்பட்டார்' என்று இருந்ததே தவிர, உடனடியாகச் சிகிச்சை செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற வரி இல்லை. அந்த ஒரு வரிக்காக மூன்று முறை எல்லை தாண்டினோம். வேறு மாநிலத்து அலுவலகம் எதற்காக அந்தச் சான்றைக் கேட்கிறது என்று அங்கிருந்த ஊழியருக்குப் புரியவில்லை; அவர் பட்டியலுக்கு அது தேவையே இல்லை. அவர் மீது எனக்குக் கோபமும் இல்லை.

செப்டம்பர் மத்தியில் கொடுத்திருக்க வேண்டிய விண்ணப்பம் நவம்பரில் போனது. 2024 ஏப்ரலில் பணம் வந்தது: 1,52,000 ரூபாய். அவசரம் என்று ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் தொகையைத் திட்டத்தின் சிகிச்சைக் கட்டண அளவுக்கே கணக்கிட்டார்கள். ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் உச்ச விலை இருக்கிறது; அதில் எந்த ஊரிலும் பெரிய வித்தியாசம் வராது. அறை வாடகை, மருத்துவர் கட்டணம், ஆஞ்சியோ செய்யும் இடமான கேத் லேப்பின் கட்டணம் ஆகியவற்றுக்கு அப்படிக் கட்டுப்பாடு இல்லை. மீதி 1,22,000 அங்கேதான் போயிற்று. பட்டியல் மருத்துவமனையாக இருந்தால் இந்த வித்தியாசத்தை நோயாளியிடம் கேட்க முடியாது.

மேல்முறையீடு செய்யலாமா என்று ஆசிரியை கேட்டார். சிவகாந்த் ஜா வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக் காட்டினேன். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். பட்டியலில் மருத்துவமனையின் பெயர் இல்லை என்பதை மட்டும் காரணமாக வைத்துச் செலவை மறுக்கக் கூடாது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, தேவைப்பட்டதா என்பதே பார்க்கப்பட வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டு ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போட்ட பல ரிட் மனுக்கள் இந்த வழியில்தான் நடந்திருக்கின்றன. ஆசிரியை யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். மதுரைக்குப் போய்வரும் நாட்களுக்குத் தற்செயல் விடுப்பு போதாது என்பது அவர் சொன்ன காரணம். அரசின் மீது வழக்குப் போட்டால் பெயர் கெடும் என்ற பயம் சொல்லாத காரணம்.

வரைபடமும் பட்டியலும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றது. பாறசாலை அதில்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் வரை இந்த இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் ஒரே கஜானாவில் சம்பளம் வாங்கியவர்கள். கோடு போட்ட பிறகும் ஜனங்கள் பெண் கொடுப்பதையும் எடுப்பதையும் நிறுத்தவில்லை, வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் போவதையும் நிறுத்தவில்லை. காப்பீட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் மட்டும் அந்தக் கோட்டுக்கு அப்பால் பார்ப்பதில்லை, அல்லது அரைகுறையாகப் பார்க்கிறார்கள்.

மற்ற மாநிலங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆசிரியர் என்ற ஒரே பெயருக்குப் பின்னால் எத்தனை விதமான ஏற்பாடுகள்! ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2013இல் ஊழியர் நலத் திட்டம் தொடங்கியபோது ஊழியர் பங்கு மாதம் 90 அல்லது 120 ரூபாய். நடத்தியது காப்பீட்டு நிறுவனம் அல்ல, ஆரோக்கியஸ்ரீ அறக்கட்டளை. கர்நாடகத்தின் ஜோதி சஞ்சீவினி இதயம், புற்றுநோய், நரம்பியல் முதலான ஏழு உயர் சிகிச்சைத் துறைகளுக்கு மட்டும் இருந்தது. சாதாரணக் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்கு அதில் வழியில்லை. இவற்றை வரிசைப்படுத்தி எது முதலிடம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. குடலிறக்கம் வந்தவருக்கு ஒரு பதில், சிறுநீரகம் பழுதானவருக்கு வேறொரு பதில்தான் கிடைக்கும்.

ஒரே மாநிலத்துக்குள்ளேயே இருக்கும் வேறுபாடு அதைவிட என்னை உறுத்துகிறது. சென்னையில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கும் கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கும் பிடித்தம் ஒன்றுதான். முன்னவர் வீட்டைச் சுற்றி ஆட்டோவில் போகும் தூரத்தில் பட்டியல் மருத்துவமனைகள் இருக்கின்றன. பின்னவர் மலையிலிருந்து இறங்கி, பஸ் மாறி, சமவெளி நகரம் ஒன்றுக்கு வந்து சேர வேண்டும். நெஞ்சு வலிக்கு அந்த அவகாசம் கிடையாது. கடினமான பகுதிகளில் பணிபுரிய ஆள் வரவில்லை என்று மாறுதல் கலந்தாய்வுதோறும் பேசுகிறோம். சாலை இல்லை, வீடு இல்லை என்பதெல்லாம் பட்டியலில் வரும். பிரசவ வலி எடுத்தால் அட்டை செல்லும் இடம் எவ்வளவு தூரம் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. கலந்தாய்வில் இடம் தேர்ந்தெடுக்கும் இளம் ஆசிரியைகள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என்னிடம்தான் கேட்கிறார்கள்.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் தொகையை உயர்த்து என்று கேட்க மாட்டேன், அதைச் சங்கங்கள் நன்றாகவே கேட்கின்றன. எல்லை மாவட்ட ஆசிரியர்களுக்கு அண்டை மாநிலத்தில் அவர்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனைகளையும் பட்டியலில் போடு என்பேன். மாரடைப்பு, பக்கவாதம், விபத்து, பிரசவச் சிக்கல் ஆகியவற்றுக்கு எந்த மருத்துவமனையானாலும் தனிச் சான்று கேட்காதே என்பேன். நான்காண்டு என்பதை ஆண்டு என்று ஆக்கு என்பது மூன்றாவது. அது நடக்க நாளாகும்.

இந்த வீட்டில் 2025 ஜூன் 30 வரைக்குமான கணக்கில் 2,86,000 ரூபாய் பாக்கி இருந்தது. கணவர் மறுபடியும் ரப்பர் ஷீட் எடுக்கப் போகிறார், மாடிப்படி ஏறும்போது மட்டும் நின்று மூச்சு வாங்குகிறார். வளையல்கள் இன்னும் அடகிலிருந்து மீளவில்லை. ஆசிரியை பட்டியலிலிருந்து தம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய மருத்துவமனைகளை மட்டும் பொறுக்கி எடுத்து, வகுப்புக் கால அட்டவணை எழுதும் அதே கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி வாடகைக் கார் ஓட்டுநரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். எல்லாம் கிழக்கே. அவர் அதை வண்டியின் முன்கண்ணாடிக்கு மேலே, வெயில் மறைப்புக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.